துப்பாக்கிக்கு அளவு எடுக்கிறார்கள்!

1860-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி. லண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் பெருங்கூட்டம். இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் முதல் போட்டி அன்று ஆரம்பம். முதல் குண்டைச் சுடப் போகிறவர் யார் தெரியுமா? விக்டோரியா மகாராணி!

மகாராணி துப்பாக்கியைத் தோளில் ஏந்தவில்லை. அதில் கன்னத்தைப் பதிக்கவில்லை. குறியும் பார்க்கவில்லை. ஒரு பட்டுக் கயிற்றை லேசாக இழுத்தார். அவ்வளவுதான். 400 கெஜத்துக்கு அப்பால் நின்ற இலக்கில், நடுப்புள்ளியை ஒட்டினாற்போல் குண்டு பாய்ந்தது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியியல் நிபுணர், தாம் செய்த துப்பாக்கியை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி, முன்கூட்டியே குறி பார்த்து வைத்திருந்தார்.

இரும்புத் தாங்கிக்கு மூச்சு இல்லை. நெஞ்சுத் துடிப்பு இல்லை. எத்தனை நேரம் நின்றாலும் அதற்குக் கழுத்து வலிக்காது. போட்டியில் சுடுகிறவரோ மனிதர். அவர் மூச்சு விட வேண்டும். அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மனிதரையும் துப்பாக்கியின் இரும்பையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பது எது? இரும்பைத் தாங்கி நிற்கும் கட்டைதான். தோளில் அழுந்துவது அது. கன்னம் படுவது அதில். இரண்டு கைகளும் பற்றுவது அதை.

இந்தக் கட்டைக்கு ஆளைப் பார்த்து அளவு எடுக்கிறார்கள். அரம் போட்டு ராவுகிறார்கள். மக்கு வைக்கிறார்கள். எண்ணெய் தேய்க்கிறார்கள். சிலர் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வர்ணமும் அடிக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை தைக்கும் தையற்காரர்கூட இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்!

முற்றுப்புள்ளி அளவு இலக்கு

ஏன் இத்தனை பாடு? இலக்கின் அளவைக் கேட்டால் புரியும்.

ஒலிம்பிக் பந்தயங்களில் ஏர் ரைபிள் என்று ஒரு பிரிவு உண்டு. இதற்கு வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றே 4.5 மில்லி மீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் மத்தியில் உள்ள பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லி மீட்டர்! இந்த வாக்கியத்தின் முடிவில் இருக்கும் முற்றுப்புள்ளியைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்.

துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதை நின்றபடியே ஏந்தி 60 குண்டு சுட வேண்டும். அதற்கு 75 நிமிஷ நேரம் கொடுக்கிறார்கள்.

குறி பார்ப்பதற்குத் துப்பாக்கியின் பின்பக்கம் ஊசித் துவாரம் போல ஒன்று உண்டு. முன்பக்கம் ஒரு சிறு வளையம் உண்டு. துவாரத்தின் வழியே வளையத்தையும், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தையும் பார்க்க வேண்டும். துவாரத்துக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் 80 சென்டி மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு அதைப்போல் பன்னிரண்டரை மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே, இரண்டும் நேராக நிற்பதில் 0.2 மில்லி மீட்டர் பிசகினால், இலக்கில் குண்டு இரண்டரை மில்லி மீட்டர் விலகிவிடும். அதாவது ஒரு முழு மதிப்பெண் போய்விடும். 0.2 மில்லி மீட்டர் என்பது இரண்டு நோட்டுப் புத்தகத் தாள்களின் கனம்!

2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா இந்தப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். தனி நபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். கடைசிக் குண்டு சுடும் நேரத்தில் அவரும் பின்லாந்து வீரர் ஹென்ரி ஹாக்கினனும் சரிக்குச் சரியாக இருந்தார்கள். பிந்த்ராவின் கடைசிக் குண்டுக்கு 10.8 கிடைத்தது. உச்ச மதிப்பே 10.9 தான்! ஹாக்கினனுக்கு 9.7. ஒரே குண்டில் அவர் மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டார்.

கண்ணை மூடி ஒரு பரீட்சை

கட்டை ஒருவருக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு பழைய வழி உண்டு. செலவு இல்லாத வழி.

குண்டு போடாத துப்பாக்கியை ஏந்தி, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். கழுத்தை நீட்டாமல், முறுக்காமல், தலையைச் சும்மா கட்டையின் மேல் சாய்க்க வேண்டும். கன்னம் எங்கே சுகமாக அமர்கிறதோ, அங்கேயே இருக்கட்டும். இப்போது கண்ணைத் திறக்கலாம். துவாரத்துக்கு நேராகப் பார்வை போனால் கட்டை பொருந்திவிட்டது. துவாரம் மேலே தெரிந்தாலோ, பக்கத்தில் ஒதுங்கித் தெரிந்தாலோ, மாற வேண்டியது கழுத்து அல்ல. கட்டையில் உள்ள கன்னத் தாங்கிதான் ஏறவோ இறங்கவோ வேண்டும்.

நீளமும் முக்கியம். கட்டை நீண்டு இருந்தால் முகத்தை முன்னே நீட்ட வேண்டி வரும். விசைக்கு விரல் எட்டாது. குட்டையாக இருந்தால் மூக்கு போய் முட்டும். கைப்பிடிக்கும் கணக்கு உண்டு. சுட்டுவிரல் விசையை மட்டும் தொட வேண்டும். பக்கத்துக் கட்டையில் அது உராய்ந்தால், விசையை இழுக்கும்போது துப்பாக்கியும் இம்மி நகரும்.

ஏர் ரைபிளில் நின்று சுடுவது ஒன்றுதான். 50 மீட்டர் பிரிவிலோ மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலைகள். ஒரே ஆள்தான், ஆனால் ஒவ்வொரு நிலையிலும் தலை வேறு மாதிரி சாயும், தோள் வேறு உயரத்தில் இருக்கும். கன்னத் தாங்கி, தோள் தகடு எல்லாவற்றையும் நிலைக்கு நிலை நகர்த்தி வைக்க வேண்டும். 2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே இந்தப் பிரிவில்தான் வெண்கலம் வாங்கினார். இத்தகைய வீரர்களின் துப்பாக்கிக் கட்டையைப் பார்த்தால் கடிகாரக் கடை ஞாபகம் வரும். எங்கே பார்த்தாலும் திருகு, அளவுக்கோடு, எண்!

ஒரு துப்பாக்கி, பத்துப் பிள்ளைகள்

இந்த வசதி எல்லாருக்கும் கிடைப்பது இல்லை. பந்தயத்துக்கு ஏற்ற புது ஜெர்மன் துப்பாக்கி சில லட்ச ரூபாய் ஆகும். ஆகவே சங்கத்துத் துப்பாக்கியில் பழகுகிறவர்களே அதிகம். இப்போது ஒரு நெட்டைப் பையன் சுடுவான். அடுத்து அதே துப்பாக்கியை அவன் தோள் உயரமே உள்ள ஒரு பெண் எடுப்பாள். பையனுக்கு வைத்த அளவு அவளுக்கு எப்படிப் பொருந்தும்? அவள் கழுத்தை நீட்டுவாள், இடுப்பை வளைப்பாள். அரை மணி நேரத்தில் தோள் நடுங்க ஆரம்பிக்கும். குண்டு கண்ட இடத்தில் போகும். "எனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

வராதது அவளுக்கு அல்ல. அண்ணன் சட்டையைத் தங்கைக்குப் போட்டால் சட்டை தொங்கத்தான் செய்யும்! ஒரு கட்டையைச் சீர்படுத்த ஆகும் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு நல்ல வீராங்கனையை இழப்பது வீண் சிக்கனம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 2012-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில். வளர்ந்தது ஐதராபாத்தில். 2019-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர்.

அக்ரூட் மரம் ஏன்?

பந்தயத் துப்பாக்கி என்றால் ஜெர்மனியில் உல்ம் நகரத்தைச் சொல்வார்கள். டான்யூப் நதிக் கரையில் உள்ள ஊர். விஞ்ஞானி ஐன்ஸ்டைன் பிறந்த ஊர். அன்ஷூட்ஸ், வால்தர் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இது பூர்வீகம் அல்ல. அன்ஷூட்ஸ் 1856-லும் வால்தர் 1886-லும் துரிங்கியா மலைப் பகுதியில் தொடங்கியவை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் ஆதிக்கத்தில் போயிற்று. இரண்டு குடும்பங்களும் தொழிலை விட்டுவிட்டு மேற்கே வந்து, உல்மில் மறுபடியும் பட்டறை போட்டன.

துப்பாக்கிக் கட்டைக்கு அக்காலம் முதல் பேர் பெற்றது அக்ரூட் மரம். காஷ்மீரத்துச் செதுக்கு வேலைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே மரம்தான். அது கல் மாதிரி கனமும் இல்லை. பஞ்சு மாதிரி மெத்தும் இல்லை. உளிக்கு இணங்கும், எளிதில் பிளக்காது. நன்றாகக் காய்ந்தபின் அதிகமாக முறுக்கிக்கொள்ளாது. இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு உப்பிச் சாத்த முடியாமல் போவது உண்டு அல்லவா? துப்பாக்கிக் கட்டை அப்படி உப்பினால் உள்ளே பதிந்திருக்கும் இரும்பை நெருக்கும். நேற்றுப் பத்தில் விழுந்த குண்டு இன்று ஒன்பதில் விழும்.

இதைத் தடுக்க, மெல்லிய மரத் தகடுகளுக்குத் தனித்தனியே சாயம் ஏற்றி, பசை போட்டு, அழுத்தி ஒட்டி ஒரே கட்டையாக்கும் முறை வந்தது. அதைச் செதுக்கினால் வளைவு வரும் இடத்தில் எல்லாம் வண்ண வரிகள் தாமே தோன்றும். இதற்கு வர்ணமே தேவை இல்லை. பிறகு அலுமினியக் கட்டை வந்தது. மழையாவது, வெயிலாவது, அதற்குக் கவலை இல்லை. இன்று பெரிய பந்தயங்களில் அதுவே அதிகம். ஆனாலும் மரக்கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பழகியவர்கள் அதை லேசில் விடுவது இல்லை. குளிர்ந்த தகரத்தைக் கன்னத்தில் வைப்பது யாருக்குத்தான் பிடிக்கும்!

அரமும் மக்கும்

கையைத் தாண்டிப் போன பழைய மரக்கட்டைத் துப்பாக்கிதான் பல குடும்பங்களுக்கு எட்டுகிற பொருள். அதைப் புதியவருக்கு ஏற்றபடி மாற்றுவது தச்சு வேலை தெரிந்தவருக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. வேலை எல்லாம் கட்டையோடு நிற்க வேண்டும். குழலையும் விசையையும் தொடக்கூடாது; அது கைதேர்ந்த துப்பாக்கி மிஸ்திரியின் வேலை. வெடிமருந்தில் சுடும் துப்பாக்கியானால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். எதுவானாலும், உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் திருகைக் கழற்ற வேண்டும்.

கட்டையைத் தனியே எடுத்தபின் முதல் வேலை எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவது. வருஷக்கணக்காக இரும்புக்குப் போட்ட எண்ணெய் மரத்தில் ஊறி இருக்கும். அதன்மேல் எந்த வர்ணமும் ஒட்டாது. பாலாடை மாதிரி உரிந்து வரும்.

மரத்தில் அடிபட்ட பள்ளம் இருந்தால் அதற்கு ஒரு வீட்டு வைத்தியம் உண்டு. பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத் துணியைப் பள்ளத்தின் மேல் மடித்துப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒற்ற வேண்டும். நீராவி உள்ளே இறங்கும். நசுங்கிக் கிடந்த நார்கள் நீரைக் குடித்துத் தாமே எழும்பும்! நார் அறுந்திருந்தால் மட்டும் இது பலிக்காது. அப்போது மக்கு வைக்க வேண்டியதுதான்.

கைப்பிடியைப் பொருத்துவது இதைவிட சுவாரசியம். குழாய் ரிப்பேர்காரர்கள் இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டுவார்களே, அந்த எபாக்சி மக்குதான் இதற்கும். மக்கைக் கைப்பிடியின் மேல் அப்பி, மெல்லிய ரப்பர் உறை போட்ட கையால், சுடும்போது பிடிப்பது போலவே பிடிக்க வேண்டும். காய்ந்தபின் பார்த்தால் உள்ளங்கையின் மேடு பள்ளம் எல்லாம் அச்சாகப் பதிந்திருக்கும். பிறகு அரத்தால் ராவிச் சரி செய்யலாம். இனி அந்தக் கைப்பிடி அந்த ஒரு கைக்குத்தான். வெறுங்கையால் இதைச் செய்யக்கூடாது. காயாத எபாக்சி சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

செதுக்குவதில் பொறுமை வேண்டும். மரத்தை எடுப்பது எளிது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. கொஞ்சம் ராவி, ஏந்திப் பார்த்து, மறுநாளும் ஏந்திப் பார்த்து, பிறகே மறுபடி அரத்தைத் தொடுவது நல்லது. சர்வதேசப் போட்டிகளில் கட்டையின் நீள அகலங்களுக்கு வரம்பு உண்டு. அளவு பார்த்து, எடை போட்ட பிறகே அனுமதிப்பார்கள். மனம் போனபடி மக்கை அப்பிக்கொண்டே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வர்ணம் படலாம், படக்கூடாது

துப்பாக்கியை அழகு செய்வது புது ஆசை அல்ல. திப்பு சுல்தானுக்காக ஸ்ரீரங்கப்பட்டினத்தில் செய்த துப்பாக்கிகளில் புலித் தலையும் புலி வரியும் இழைத்திருப்பார்கள். கட்டையில் வெள்ளி பதித்தவையும் உண்டு. ஜெர்மனியின் பழைய சுடும் சங்கங்களில் நேர் எதிரான வழக்கம். அங்கே இலக்குப் பலகையில்தான் வீடும் மரமும் மனிதருமாக அழகிய சித்திரம் தீட்டுவார்கள். பிறகு அதன் மேலேயே சுடுவார்கள்! குண்டுத் துளைகளோடு அந்தப் பலகைகள் இன்றும் சங்கச் சுவர்களில் தொங்குகின்றன.

இன்று வர்ணம் அடிக்கிறவர் உப்புத்தாளோடு ஆரம்பிக்கிறார். முதலில் 120 எண், பிறகு 180, 240, 320 என்று மேலே போக வேண்டும். நடுவில் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. ஈரம் பட்டதும் மரத்தின் நார்கள் மயிர்க்கூச்செறிந்தது போல எழுந்து நிற்கும். காயவிட்டு அவற்றையும் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பூச்சிலேயே அவை எழுந்து சொரசொரப்பாகிவிடும். அதன்பின் பிரைமர். அதன்பின் வர்ணம். ஸ்பிரே டப்பாவானால் ஒரு முழம் தள்ளி நின்று லேசாக, பல தடவை அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடித்தால் வர்ணம் கண்ணீர் வடிக்கும். காருக்கு அடிக்கும் இரண்டு கலவை வர்ணம் வெகு உறுதியானது. ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. தகுந்த முகமூடியும் காற்றுப் போக்கும் உள்ள கார்ப் பட்டறையில் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

எங்கே அடிப்பது என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுவது என்பதுதான் பெரிய விஷயம். இரும்பு வந்து உட்காரும் பள்ளத்தில் ஒரு துளி வர்ணமும் படக்கூடாது. பட்டால் இரும்பு மரத்தில் உட்காராது; வர்ணத்தின் மேல் உட்காரும். திருகை முடுக்க முடுக்க வர்ணம் நசுங்கும்; நசுங்க நசுங்கத் திருகு தளரும். துப்பாக்கி சுடும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் வீரர் தம் கையையே நொந்துகொள்வார். கன்னத் தாங்கி ஏறி இறங்கும் தண்டு, தோள் தகடு நகரும் தடம் இவற்றிலும் வர்ணம் ஆகாது. இந்த இடங்களை எல்லாம் காகித டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் டப்பாவைக் கையில் எடுக்க வேண்டும்.

கன்னம் படும் இடத்திலும் கைப்பிடியிலும் பளபளக்கும் வர்ணம் வேண்டாம். வியர்வையில் வழுக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கொளியைத் திருப்பி அடித்துக் கூசவும் செய்யும். இந்த இரண்டு இடங்களுக்கும் பழைய ஆளிவிதை எண்ணெயே உத்தமம். துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்தபின் மறுபடி தேய்க்க வேண்டும். பழைய மிஸ்திரிகள் ஒரு வாரம் தினம் ஒரு தடவை, ஒரு மாதம் வாரம் ஒரு தடவை, ஒரு வருஷம் மாதம் ஒரு தடவை என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவ்வளவு தேய்த்த அக்ரூட் மரத்துக்கு வரும் மினுக்கு எந்த டப்பாவிலும் கிடைக்காது.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல. அது காற்றில் உள்ள பிராண வாயுவை இழுத்துக் கெட்டியாகிறது. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். நெருப்புக் குச்சி இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும்! வேலை முடிந்ததும் அந்தத் துணிகளை வெளியில் தனித்தனியே விரித்துக் காயவிட வேண்டும். அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும்.

அடித்த வர்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடும். அதைப் பார்த்து அவசரப்பட்டுத் துப்பாக்கியைப் பூட்டினால், இறுக்கும் இடத்தில் எல்லாம் தடம் விழும். உள்வரை கெட்டிப்படச் சில நாட்கள், சில வர்ணங்களுக்குச் சில வாரங்கள்கூட ஆகும். பிறகு திருகுகளைக் கழற்றுமுன் இருந்த அதே இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும். கன்னத் தாங்கி எந்தக் கோட்டில் நின்றது, தோள் தகடு எந்த எண்ணில் நின்றது என்று முதலிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் இப்போது கைகொடுக்கும்.

கடைசியில் ஒரு வெள்ளை அட்டையை எதிரே மாட்டி, குறியைத் திருத்தாமல் ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பார்கள். அப்போது புது வர்ணத்தை யாரும் பார்ப்பது இல்லை. எல்லார் கண்ணும் அட்டையின் மேல்தான். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே துளையாகத் தெரிந்தால், குறியை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு திருகுத் திருகினால் போதும். சிதறிக் கிடந்தால் மறுபடியும் கட்டையைக் கழற்றி, பள்ளத்தில் எங்காவது வர்ணம் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துத் தேட வேண்டியதுதான்.